சாராய மூடியும் ஆங்கில வகுப்பும்

வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் நடந்ததை மறுபடி விவரிக்கப் போவதில்லை. நீலகிரியில் கூடலூர் முதல் சேரம்பாடி வரை எல்லா வாட்ஸ்அப் குழுக்களிலும் அந்தக் காணொளி ஒரு சுற்று வந்துவிட்டது. "இங்கிலீஷ் டீச்சர் பாடம் நடத்தாமல் சாராய மூடியைப் படம் காட்டுகிறார்" என்று என்னைப் பற்றி ஒரு பெற்றோர் எழுந்து சொல்கிறார், பின்வரிசை சிரிக்கிறது, அத்தோடு காணொளி முடிந்துவிடுகிறது. நான் பதில் சொன்னது அதில் இல்லை. படம் பிடித்தவரின் கைப்பேசியில் சரியாக அந்த நேரத்தில் சார்ஜ் தீர்ந்துபோயிருக்கும் என்று நம்புகிறேன்.

அதனால் இங்கே எழுதுகிறேன்.

வகுப்பில் நான் காட்டிய படம் சாராய விளம்பரம் இல்லை. எல் அனாட்சுயி என்ற சிற்பியின் படைப்பு. 1944இல் கானாவில் பிறந்தவர். நைஜீரியாவின் நுசுக்கா பல்கலைக்கழகத்தில் பல்லாண்டுகள் கற்பித்தவர். அவரும் வாத்தியார்தான் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். தூக்கியெறிந்த மதுப் பாட்டில்களின் அலுமினிய மூடிகளைத் தட்டி, மடித்து, செம்புக் கம்பியால் கோத்துச் சுவரளவுக்குத் தொங்கவிடுகிறார். தள்ளி நின்று பார்த்தால் சரிகை போட்ட பட்டுச்சேலை, கிட்டே போனால் மது கம்பெனிகளின் பெயர்கள். 2015இல் வெனிஸ் பினாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்க விருதைக் கொடுத்தார்கள். 2023இல் லண்டன் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தின் மாபெரும் கூடத்தில் தொங்கவிட்டார்கள். எங்கள் ஒன்பதாம் வகுப்புக் கரும்பலகையில் நான் ஒட்டியதுதான் குற்றமாகிவிட்டது.

படத்தை ஒட்டிவிட்டு நான் பாடம் எடுப்பதில்லை. மூன்று கேள்விகள் மட்டும் கேட்கிறேன். இந்தப் படத்தில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? இன்னும் என்ன தெரிகிறது? கேள்விகள் என் கண்டுபிடிப்பு அல்ல. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் கல்விப் பிரிவை நடத்திய பிலிப் யெனவைனும் உளவியலாளர் அபிகெய்ல் ஹௌசனும் சேர்ந்து உருவாக்கிய முறை. பார்வையாளர்களுக்கு வழிகாட்டிகள் மணிக்கணக்கில் விளக்கியும் அவர்கள் மனத்தில் ஏறக்குறைய ஒன்றுமே தங்கவில்லை என்று தெரிந்த பிறகு, விளக்குவதை விட்டுவிட்டுக் கேட்கத் தொடங்கினார்கள். பிறகு ஆங்கிலம் புதிதாகக் கற்கும் குழந்தைகளின் வகுப்புகளுக்கும் அது போய்ச் சேர்ந்தது. ஆசிரியரின் வேலை இவ்வளவுதான்: பிள்ளை எதைச் சொல்கிறதோ அதை விரலால் படத்தில் தொட்டுக் காட்ட வேண்டும்; அதே கருத்தைச் சரியான வாக்கியத்தில் திருப்பிச் சொல்ல வேண்டும். தப்பு என்று சொல்லக் கூடாது, சபாஷ் என்றும் சொல்லக் கூடாது. சபாஷ் என்றால் மற்ற பிள்ளைகள் வாயை மூடிக்கொள்வார்கள், விடை கிடைத்துவிட்டது என்று.

அன்றைக்கு முதலில் வந்தது 'கர்ட்டன்'. அடுத்து 'சாரி'. பிறகு ஜன்னலோரம் இருக்கும் ஒரு பையன். ஜூன் மாதத்திலிருந்து வருகைப் பதிவுக்கு 'பிரசன்ட்' சொல்வதைத் தவிர அவன் வாயிலிருந்து ஓர் ஆங்கிலச் சொல்லை நான் கேட்டதில்லை. அவன் எழுந்து, "பாட்டில் டென் ருபீஸ் டீச்சர். கேப் நோ மணி. ஸோ ஹி டேக் கேப்" என்றான்.

இந்த வாக்கியத்தின் அருமை நீலகிரிக்காரர்களுக்குத்தான் புரியும். காலி மதுப் பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் என்ற திட்டம் 2022 மே மாதம் முதன்முதலில் தொடங்கியது நம் மாவட்டத்தில்தான். பாட்டிலுக்கு விலை இருக்கிறது, மூடிக்கு இல்லை, யாருக்கும் வேண்டாததைத்தான் இந்த மனிதர் எடுத்திருக்கிறார் என்று அவன் கணக்குப் போட்டுவிட்டான். நான் திருப்பிச் சொன்னேன்: "யூ திங்க் ஹி யூஸஸ் கேப்ஸ் பிகாஸ் நோபடி பேஸ் ஃபார் தெம்." சற்று நேரம் கழித்து வேறொருத்தி சொன்னதை மறுத்து அவனே பேசினான்: "நோ, பிகாஸ் நோபடி வான்ட்ஸ்." முன்பு 'ஹி டேக்' என்றவன் இப்போது சேர்த்த அந்தக் கடைசி 'ஸ்' இருக்கிறதே, அதற்காக ஆறாம் வகுப்பிலிருந்து அவனுக்கு எத்தனை பேர் எத்தனை பயிற்சித்தாள் கொடுத்திருப்பார்கள்!

நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். சொல்வதற்கு ஏதாவது இருந்தால்தான் பிள்ளை பேசும். விடை ஏற்கெனவே கைடில் அச்சாகியிருந்தால் எதைச் சொல்வது, ஏன் சொல்வது?

என் கதையையும் கேளுங்கள். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர் குடும்பம். அம்மா டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தார். லைன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கட்டுரைகளை உருப்போட்டு, ஆங்கிலத்தில் பள்ளியிலேயே முதல் மதிப்பெண் வாங்கினேன். கோயம்புத்தூரில் முதல் நேர்காணல். எதிரே இருந்த அம்மையார் மிகவும் அன்பாக, ஜன்னலுக்கு வெளியே என்ன தெரிகிறது, சொல்லுங்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். வெளியே ஒரு வேப்ப மரம், ஒரு வண்டி, இளநீர் வெட்டும் ஒருவர். எனக்கு எல்லாம் தெரிந்தது. ஆனால் வாயிலிருந்து வந்தது 'மை நேட்டிவ் பிளேஸ்' கட்டுரையின் முதல் பத்தி. அவர் சிரிக்கவில்லை. குறிப்பேட்டை மெல்ல மூடினார். வெள்ளிக்கிழமை சிரித்தவர்களை விட அவர் எவ்வளவோ மேல் என்று இப்போது தோன்றுகிறது.

"இதெல்லாம் பொதுத்தேர்வில் வருமா டீச்சர்?" வரும் ஐயா. பத்தாம் வகுப்பு ஆங்கில வினாத்தாளை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். ஒரு படத்தைக் கொடுத்து, அதைப் பற்றிய உன் கருத்தை ஐந்து வாக்கியங்களில் எழுது என்று கேள்வியே இருக்கிறது, ஐந்து மதிப்பெண். அதற்கும் நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள்: "திஸ் இஸ் எ பியூட்டிஃபுல் பிக்சர். ஐ லைக் திஸ் பிக்சர் வெரி மச்." வெள்ளத்தில் வீடு இடிந்து கிடக்கும் படத்துக்குக் கீழேயும் இதையே எழுதிய விடைத்தாளை நான் திருத்தியிருக்கிறேன்.

"இலக்கணம் யார் நடத்துவது?" நான்தான் நடத்துகிறேன். வாரத்தில் மற்ற எல்லா வகுப்பும் அதுதான். அடுத்த கேள்வி.

"நவீனக் கலையே ஏமாற்று, சுவரில் வாழைப்பழத்தை ஒட்டி விற்பவர்கள்தானே?" இதைக் கேட்டவர் என் சொந்த அண்ணன். மௌரிசியோ கட்டெலான் என்ற கலைஞரின் அந்த வாழைப்பழம் 2024 நவம்பரில் நியூயார்க் ஏலத்தில் 62 லட்சம் டாலருக்குப் போனது. வாங்கியவர் அதை உரித்துத் தின்றும் விட்டார். எனக்கும் அது பிடிக்கவில்லை. ஆனால் அண்ணா, அந்தப் படத்தை வைத்த அன்று வகுப்பே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. "இஃப் ஐ ஹேவ் தட் மணி" என்று ஆரம்பித்து ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். 'இஃப்' வாக்கியத்தை அவர்கள் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். நமக்குப் பிடிக்காத படத்தால்தான் பேச்சு அதிகம் வருகிறது.

சரி, உண்மையான கோபம் இலக்கணத்தாலும் வரவில்லை, வாழைப்பழத்தாலும் வரவில்லை. ஒரு சிறுமி, "மை ஃபாதர் ஆல்ஸோ கேன் மேக்" என்றாள். எங்கள் அப்பாவிடமும் இவ்வளவு மூடி சேரும் என்று பொருள். யாரும் சிரிக்கவில்லை. நான் வழக்கம்போல அவள் சொன்னதைத் திருப்பிச் சொன்னேன், அடுத்த கையைப் பார்த்தேன். அந்த வாக்கியம் வீடு வரை போயிருக்கிறது. அவள் யார் என்று யார் கேட்டாலும் நான் சொல்லப் போவதில்லை. பள்ளிக்கு வரும் பாதையில் கால் வைக்கும் இடமெல்லாம் மூடி கிடக்கிறது. அதற்காகக் கூட்டத்தில் எவரும் எழுந்து நின்றதில்லை. ஒரு பெண் அதை ஆங்கிலத்தில் சொன்னதும் பண்பாடு கெட்டுவிட்டது! பேச்சு முடிந்த பிறகு, ஐரோப்பியர்கள் ஆப்பிரிக்காவுக்கு மதுவைக் கொண்டுபோனதையும் அடிமை வணிகத்தில் அது புழங்கியதையும் அனாட்சுயி தன் மூடிகளோடு சேர்த்துப் பேசுவார் என்று சொன்னேன். குடியைப் பற்றி நான் நடத்திய பாடம் அவ்வளவுதான்.

காணொளியில் சரியாகக் கேட்காத ஒரு வரியையும் சொல்லிவிடுகிறேன். "இந்தப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு?"

எந்தப் பிள்ளைகளுக்கு? ஊட்டிப் பக்கம் விடுதிப் பள்ளிகளில் லட்சக்கணக்கில் கட்டணம் கட்டிப் படிக்கும் பிள்ளைகள் ஓவியத்தின் முன் நின்று கருத்துச் சொன்னால் அதற்குச் சிந்தனைத் திறன் என்று பெயர். பழங்குடிகளான பணியர் வீட்டுப் பிள்ளையும் காட்டுநாயக்கர் வீட்டுப் பிள்ளையும் தோட்டத் தொழிலாளி மகளும் சொன்னால் நேர விரயமா? அவர்கள் வீட்டில் ஒரு மொழி, கடைத்தெருவில் தமிழும் மலையாளமும், பள்ளியில் ஆங்கிலம் என்று இடத்துக்கொரு மொழி பேசுகிறவர்கள். மொழி அவர்களுக்குப் பயமில்லை. கேட்க ஆளில்லாததுதான் குறை.

நம் காட்டை மூடிக்கொண்டிருக்கும் உண்ணிச்செடி இருக்கிறதே, அதன் குச்சிகளை வளைத்து முழு உருவ யானைகளைச் செய்தவர்கள் யார்? இந்தக் கூடலூர் வட்டாரத்துப் பணியர், பெட்டக் குறும்பர், காட்டுநாயக்கர், அவர்களோடு சோளிகர். அந்த யானைகள் 2021இல் லண்டன் பூங்காக்களில் நின்றன. 2024இல் நியூயார்க் தெருவில் நின்றன. அங்கே கோட்டுப் போட்டவர்கள் சுற்றி நின்று, இது என்ன சொல்கிறது என்று ஆங்கிலத்தில் விவாதித்திருப்பார்கள். செய்த கைகளின் பிள்ளைகள் மட்டும் அதே ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது, அப்படித்தானே?

அடுத்த வாரம் அந்த யானைப் படம்தான். புதன்கிழமை, மூன்றாம் பாடவேளை. கலர் பிரின்ட் செலவு வழக்கம்போல என்னுடையது. தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டேன், எந்தப் பெற்றோரும் வந்து உட்காரலாம், கைப்பேசியை முழுதாகச் சார்ஜ் செய்துகொண்டு வந்தால் நல்லது. உள்ளே வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு வாக்கியமாவது ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் என் பிள்ளைகள் சிரிக்க மாட்டார்கள்.