லேனில் என்ன எண்ணெய்?

பந்தை உருட்டிப் பத்துக் கட்டைகளைச் சாய்க்கும் பௌலிங் விளையாட்டில், கிளப்பின் பழைய சாதனைகள் ஒரே வார இறுதியில் உடைந்த செய்தியைப் படித்ததில் மகிழ்ச்சி. ஆடியவர்களுக்கு வாழ்த்துகள். ஆனால் லேனில், அதாவது பந்து உருளும் பாதையில், எந்த மாதிரியில் எண்ணெய் பூசியிருந்தார்கள் என்று ஒரு வரிகூட இல்லையே!

பௌலிங் தெரியாதவர்களுக்கு: வழக்கமான கிளப் லேனில் நடுவில் எண்ணெய் அதிகம், ஓரங்களில் குறைவு. பந்து கொஞ்சம் வெளியே போனாலும் அங்கே பிடிமானம் கிடைத்து உள்ளே திரும்பிவிடும். எண்ணெயைச் சீராகப் பரப்பிய கடினமான லேனில் அந்தச் சலுகை கிடையாது. அதே ஆட்டக்காரரின் புள்ளிகள் அங்கே சரிந்துவிடும்.

1982 ஜூலையில் கலிஃபோர்னியாவின் லா ஹப்ராவில் கிளென் அல்லிசன் தொடர்ந்து 36 ஸ்ட்ரைக் (முதல் உருட்டலிலேயே எல்லாக் கட்டைகளையும் சாய்ப்பது) அடித்தார். மூன்று ஆட்டம், ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு ஸ்ட்ரைக்குக்கு முழுப் புள்ளியான 300, மொத்தம் 900. எண்ணெய்ப் பூச்சு விதிப்படி இல்லை என்று சொல்லி அமெரிக்க பௌலிங் சங்கம் அதைச் சாதனையாக ஏற்கவில்லை. (மனுஷன் நொந்துபோயிருப்பார், பாவம்.) முதல் அங்கீகாரம் பெற்ற 900, 1997-இல் நெப்ராஸ்காவில் ஜெரமி சோனன்ஃபெல்டுக்குத்தான் கிடைத்தது.

யாரையும் குறை சொல்லவில்லை. எளிய லேனிலும் வரிசையாகப் பன்னிரண்டு ஸ்ட்ரைக் போடுவது சாதாரணமா என்ன? பழைய சாதனையும் புதியதும் ஒரே மாதிரி லேனில் வந்தவையா என்று மட்டும் நிருபர் கேட்டு எழுதினால் நல்லது.