சியோல் குளிரைவிட ஹீட்டர்தான் படுத்துகிறது

ஜனவரியில் சியோல் போகும் ஜோடிகள் குளிருக்குத் தயாராகத்தான் போகிறார்கள். உள்ளே அடிக்கும் சூட்டைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. வெளியே சில நாள் மைனஸ் 10 டிகிரி. மெட்ரோவில் உட்கார்ந்தால் சீட்டுக்கு அடியிலிருந்து அனல். முட்டி வரை தொங்கும் ஜாக்கெட்டுக்குள் முதுகு நனைந்துவிடும். தெருவுக்கு வந்ததும் அந்த ஈரமே உடல்சூட்டை உறிஞ்சி நடுங்க வைக்கும். பருத்தி பனியன் என்றால் கேட்கவே வேண்டாம், லேசில் காயாது.

மெரினோ கம்பளியோ பாலியஸ்டரோ உள்ளே, மேலே மெல்லிய, பஞ்சுபோன்ற ஃப்ளீஸ் சட்டை, அதற்கு மேல் முழு ஜிப் வைத்த, இறகு அடைத்த டவுன் ஜாக்கெட். ரயில் வருமுன் பிளாட்பாரத்திலேயே ஜிப்பைத் திறந்துவிட வேண்டும்.

கொரியப் பாரம்பரிய உடையான ஹான்பொக் அணிந்தால் கியோங்போக்குங் அரண்மனையில் டிக்கெட் வேண்டாம், சரி. ஆனால் அதற்குள் ஜாக்கெட் நுழையாது! சூடு தரும் ஒட்டுப் பட்டையான ஹாட் பேக்தான் கதி. பனியனுக்கு மேல் ஒட்டுங்கள். தோலில் நேரே ஒட்டினால் கொப்புளம் வரலாம். அரண்மனைக்குச் செவ்வாய் விடுமுறை, குளிர்காலத்தில் கடைசி நுழைவு மாலை 4 மணி.

கழற்றிய இரண்டு ஜாக்கெட்டையும் வைக்கத்தான் இடமே இருக்காது. கறி சுடும் கடைகள் பலவற்றில் மட்டும் ஸ்டூலின் மூடியைத் தூக்கினால் உள்ளே திணிக்கலாம், புகை வாடையும் ஏறாது. காபிக் கடைகளில் மடியில்தான்.