அன்லிமிடெட் ஹோஸ்டிங்கும் 508 எரரும்

சைட்டை வைக்க சர்வரில் இடம் வாடகைக்குத் தரும் ஹோஸ்டிங் விளம்பரம் எதைத் திறந்தாலும் அன்லிமிடெட்தான். இடம் அன்லிமிடெட், பேண்ட்வித் (சைட்டிலிருந்து போய்வரும் டேட்டா) அன்லிமிடெட், இமெயில் அன்லிமிடெட். குன்னூர், கோத்தகிரி பக்கம் ஹோம்ஸ்டே, டீத்தூள் கடை, சாக்லேட் கடை என்று சின்னச் சின்ன சைட்டுகளைப் பார்த்துக்கொள்கிறவன் நான். பேண்ட்வித் தீர்ந்து படுத்த சைட் ஒன்றைக்கூட இதுவரை பார்க்கவில்லை. மே மாதம், ஊட்டி மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் சைட் படுப்பதெல்லாம் விளம்பரத்தில் சொல்லாத வேறு வரம்புகளால்.

ஷேர்டு ஹோஸ்டிங் என்றால் ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான சைட்டுகள். ஒருத்தர் சைட்டே மொத்தத்தையும் விழுங்கிவிடக் கூடாது என்று கிளவுட்லினக்ஸ் மாதிரி மென்பொருள் ஒவ்வொரு கணக்குக்கும் அளவு கட்டியிருக்கும். சிபியு இவ்வளவு, மெமரி இவ்வளவு, டிஸ்க் வேகம் இவ்வளவு, அப்புறம் என்ட்ரி பிராசஸ், அதாவது ஒரே நேரத்தில் பக்கம் தயாரித்துக்கொண்டிருக்கும் வேலைகள், இத்தனை. அளவு இருப்பதில் எனக்கு வருத்தமே இல்லை. அது இல்லாவிட்டால் யாரோ ஒருத்தருடைய ஓட்டை பிளகினால் (சைட்டில் சேர்க்கும் துணை நிரலால்) என் வாடிக்கையாளர் சைட்டும் சேர்ந்து படுக்கும். விற்கும்போது அந்த அளவைச் சொல்லாமல் மறைக்கிறார்களே, அதுதான் கோபம்.

பலரும் குழம்புவது என்ட்ரி பிராசஸில். 20 என்று போட்டிருந்தால் ஒரே நேரத்தில் 20 பேர்தான் சைட்டைப் பார்க்க முடியும் என்று நினைக்கிறார்கள். நீலகிரி ஏறும் வழியில் கல்லாறு சோதனைச்சாவடியில் இ-பாஸ் பார்ப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வண்டியும் அங்கே எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பக்கங்களைத் தயாரிக்கும் நிரலான பிஎச்பி ஒரு பக்கத்தை 0.2 நொடியில் தயாரித்தால், சிபியுவும் ஈடுகொடுத்தால், 20 இடத்தை வைத்துக்கொண்டே நொடிக்கு 100 பக்கம் அனுப்பலாம். அதே பக்கத்துக்கு 4 நொடி ஆனால் நொடிக்கு 5தான். சாவடியிலாவது பின்னால் நின்று காத்திருக்கலாம். இங்கே 21வது ஆளுக்கு நேராக, வரம்பு முடிந்தது என்று சொல்லும் 508 எரர்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. சிபியு வரம்பைத் தொட்டால் பெரும்பாலும் எரர் வராது, வேகம் மட்டும் குறையும். வேகம் குறைந்தால் ஒவ்வொரு பிராசஸும் கூடுதல் நேரம் உட்காரும், உட்கார உட்கார இடம் நிரம்பும், அதற்குப் பிறகுதான் 508. எரரைப் பார்த்து "என்ட்ரி பிராசஸ் பத்தவில்லை, பெரிய பிளானுக்கு மாறுங்கள்" என்று சப்போர்ட்டில் சொல்லிவிடுவார்கள். எது மெதுவாக ஓடுகிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

கோத்தகிரியில் ஹோம்ஸ்டே நடத்தும் அக்கா ஒருவர் இப்படித்தான் கூப்பிட்டார். "தம்பி, சைட் திறக்கலைன்னு கெஸ்ட்டெல்லாம் போன் பண்றாங்க. கம்பெனில கேட்டா டபுள் ரேட் பிளான் எடுக்கச் சொல்றாங்க." ஹோஸ்டிங் கணக்கை நிர்வகிக்கும் சிபேனலில் ரிசோர்ஸ் யூசேஜ் பக்கத்தைத் திறந்தால், விடிகாலை மூன்று மணிக்கும் பயன்பாட்டுக் கோடு உச்சியில் நிற்கிறது. அந்த நேரத்தில் யார் ரூம் தேடப் போகிறார்கள்? சைட்டுக்கு யார் வந்தார்கள் என்று பதியும் அக்சஸ் லாகைப் பார்த்ததும் புரிந்தது. ரூம் காலியா என்று காட்டும் காலண்டரில் "அடுத்த மாதம்" என்ற லிங்க்கைப் பிடித்துக்கொண்டு பாட்கள் (இணையத்தில் தானாகச் சுற்றும் நிரல்கள்) 2061 வரைக்கும் போயிருந்தன. ஒவ்வொரு மாதமும் புது முகவரி என்பதால், தயாரித்த பக்கத்தைச் சேமித்து வைத்துத் திரும்பக் கொடுக்கும் கேச் உதவாது, ஒவ்வொன்றுக்கும் டேட்டாபேஸில் தேட வேண்டும். காலண்டரை ஒரு வருஷத்தோடு நிறுத்தினோம், பாட்களுக்கு எங்கே போகலாம் என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பில் அந்த லிங்க்கைத் தடுத்தோம், அதையும் மதிக்காத பாட்களைச் சர்வரிலேயே மறித்தோம். ரிசப்ஷன் கம்ப்யூட்டரில், சைட்டை நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸின் அட்மின் பக்கம் காலையிலிருந்து ராத்திரி வரை திறந்தே கிடந்தது. சும்மா திறந்து வைத்தாலே அது விட்டுவிட்டு சர்வரைத் தட்டிக்கொண்டிருக்கும். "அதுவும் கணக்குல வருமா தம்பி?" என்றார். வரும் அக்கா. பிளானை மாற்றவே இல்லை.

மற்றதெல்லாம் தெரிந்த கதைதான். படங்கள் என்ட்ரி பிராசஸில் சேராது, பிஎச்பி ஓடும் பக்கங்கள்தான் சேரும். அதனால் பக்கங்களைக் கேச் செய்தால் பாதி பாரம் இறங்கிவிடும். வேர்ட்பிரஸின் கிரான் (குறித்த நேரத்தில் தானாக ஓடும்) வேலைகள் ஆள் வரும்போதெல்லாம் கிளம்பாமல், சிபேனல் கிரானில் நேரம் குறித்து ஓடட்டும். ஐநோட் வரம்பையும் கேட்டுவையுங்கள். அது கோப்புகளின் எண்ணிக்கை, வந்து குவியும் மெயிலும் அதில் அடக்கம். கேமராவில் எடுத்த ஒரு பெரிய போட்டோவை அப்படியே ஏற்றினால் வேர்ட்பிரஸ் அதை எட்டுக் கோப்பாக்கி வைக்கும், தீம் தன் பங்குக்கு இன்னும் நாலு சேர்க்கும். அன்லிமிடெட் இடம் வாங்கியவர்கள் மாட்டுவது இங்கேதான்.

உடனே "விபிஎஸ் (நமக்கென்று தனியாக ஒதுக்கிய சர்வர் பங்கு) போங்க" என்று கமென்ட் போடுகிறவர்களுக்கு: போகலாம், தப்பில்லை. பெரும்பாலும் சர்வர் அப்டேட், செக்யூரிட்டி, பேக்கப் எல்லாம் அதற்குப் பிறகு உங்கள் தலையில். சீசனில் பெட்ஷீட் மாற்றவே நேரமில்லாத ஹோம்ஸ்டேக்காரர் அதைச் செய்வாரா? கேச், பாட், கிரான் எல்லாம் சரிசெய்த பிறகும் பகல் நேரத்தில் கோடு உச்சியிலேயே நின்றால், அது நிஜமான கூட்டம். அப்போது காசு கொடுங்கள்.

நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று 2025 சீசனுக்கு உயர் நீதிமன்றம் வெளிப்படையாகச் சொன்னது. மேட்டுப்பாளையத்தில் டீ குடிக்கிற டிரைவருக்குக்கூட அந்தக் கணக்கு தெரியும். காசு வாங்கும் ஹோஸ்டிங் கம்பெனியால் என்ட்ரி பிராசஸ், சிபியு, மெமரி, ஐநோட் என்று நாலு எண்ணை விலைக்குப் பக்கத்தில் அதே சைஸ் எழுத்தில் போட முடியாதா? ரினியூவல் வரும்போது சாட்டில் இந்த நாலையும் கேட்கிறேன். எண்ணைச் சொல்கிறவர்களுக்கு நூறு ரூபாய் கூடக் கொடுக்கச் சொல்லி வாடிக்கையாளரிடம் நானே பரிந்துரைக்கிறேன். "எல்லாமே அன்லிமிடெட் சார்" என்று பதில் வந்தால் அடுத்த கம்பெனியைப் பார்க்கிறேன்.