டெரிக் ரோஸ் சிகாகோவை உதறிச் சென்றாரா?
காயம்பட்ட பிறகு அமெரிக்கக் கூடைப்பந்து ஆட்டக்காரர் டெரிக் ரோஸ் கூடுதல் பணத்துக்காகச் சொந்த ஊரான சிகாகோவை விட்டு நியூயார்க்குக்குப் போய்விட்டார் என்று அல்சூர் நண்பர் ஒருவர் எழுதியிருப்பது சரியன்று. 2016 ஜூனில் ரோஸை நியூயார்க் நிக்ஸ் அணிக்குக் கைமாற்றியது சிகாகோ புல்ஸ் நிர்வாகம்தான். பதிலுக்கு ராபின் லோபஸ் உள்ளிட்ட மூவரை அது பெற்றுக்கொண்டது. அவருடைய ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் அப்போது ஓராண்டு மீதமிருந்தது. கைமாறும் ஆட்டக்காரரோடு பழைய ஒப்பந்தமும் கூடவே போகும் என்பது அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவின் நடைமுறை என்பதால், நல்ல விலை கேட்டு அணி மாறினார் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

சிகாகோவிலேயே பிறந்து வளர்ந்த அவரை 2008இல், புதிய ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், புல்ஸ் முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்தது. முதலில் தேர்ந்தெடுக்கும் அந்த வாய்ப்பு குலுக்கலில் அணிக்குக் கிடைப்பதற்கான சாத்தியம் வெறும் 1.7 சதவீதமாக இருந்தது. 2011இல், 22 வயதில், லீகின் மிக இளைய எம்விபி (பருவத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்) ஆனார். 2012 ஏப்ரல் 28 அன்று, பிலடெல்பியாவுக்கு எதிரான பிளே-ஆஃப் (பட்டத்துக்கான இறுதிக்கட்டச் சுற்றுகள்) முதல் ஆட்டத்தில், அணி 12 புள்ளிகள் முன்னிலையில் இருக்க, ஒன்றரை நிமிடத்துக்கும் குறைவாகவே மீதமிருந்த வேளையில், அவருடைய இடது முழங்காலின் தசைநார் கிழிந்தது. ஏறக்குறைய கையில் வந்துவிட்ட ஆட்டத்தில் அவரை ஏன் இன்னும் களத்தில் வைத்திருந்தார்கள் என்று நண்பர் கோபப்பட்டால், நானும் சேர்ந்துகொள்வேன்.

"அதோடு அவர் ஆட்டம் முடிந்தது" என்று நண்பர் சொல்வதும் மிகை. 2018 அக்டோபர் 31 அன்று மினசோட்டா அணிக்காக, யூட்டாவுக்கு எதிராக, ரோஸ் 50 புள்ளிகள் எடுத்தார். 2024இல் ஓய்வுபெற்ற பின், அவருடைய 1ஆம் எண் சட்டையை இனி யாருக்கும் தருவதில்லை என அறிவித்ததும் அதே புல்ஸ்தான்.