ஒரே ஒரு டிக்

எங்களுடையது சிங்கப்பூர் பாஸ்போர்ட். அமெரிக்காவைச் சுற்றிப் பார்க்க விசா தேவையில்லை, எஸ்டா என்ற ஆன்லைன் பயண அனுமதி போதும், 90 நாள் வரை தங்கலாம். அம்மாவுக்கு நான்தான் போனில் நிரப்பினேன். தொற்றுநோய் உண்டா, கைதானதுண்டா என்று கடைசியில் வரிசையாகக் கேட்பார்களே, அதில் ஒன்றில் ‘இல்லை’க்குப் பதில் ‘ஆம்’ பட்டிருக்கிறது. கவனிக்காமல் பணத்தையும் கட்டிவிட்டேன். அனுமதி மறுப்பு!

இனி முறையான விசாதான். 185 அமெரிக்க டாலர் கட்டணம், பக்கம் பக்கமாக டிஎஸ்-160 படிவம், புதுப் போட்டோ, பத்து விரல் ரேகை, நேர்காணல். அலைச்சலைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். “உங்களுக்கு எஸ்டா மறுக்கப்பட்டதுண்டா?” என்று அந்தப் படிவத்திலேயே ஒரு கேள்வி. ஆம் என்றுதான் சொல்லியாக வேண்டும், விளக்கமும் எழுத வேண்டும். வயிறு எரிகிறது. போலீஸ் ஸ்டேஷன் வாசல்படி மிதிக்காத மனுஷி, ஒரு விரல் பிசகியதற்குக் தூதரகக் கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் நின்று பதில் சொல்லணுமா?

“நான் என்னடா தப்பு செஞ்சேன்?” என்கிறார் அம்மா. பேரனின் முதல் பிறந்தநாளுக்கு வாங்கிய பட்டுச்சட்டை பெட்டியில் மேலாக இருக்கிறது. நேர்காணல் தேதியோ பிறந்தநாள் முடிந்து நாலாம் நாள்.