வேலைக்குப் போகிறவர்கள் பறவை பார்க்க ஞாயிற்றுக்கிழமையை நம்ப வேண்டாம்

பறவை பார்க்கும் ஆர்வத்தில் பைனாகுலர் வாங்கிய பலர் ஒரு வருடத்துக்குள் அதை அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். கேட்டால் வேலைக்கு நடுவில் நேரம் இல்லை என்கிறார்கள். நேரக் குறைவு உண்மைதான். ஆனால் இந்த ஆர்வத்தை ஞாயிற்றுக்கிழமையிடம் ஒப்படைப்பதுதான் பெரிய தவறு என்பது என் உறுதியான கருத்து.

சென்னையிலிருந்து வேடந்தாங்கல் ஏறக்குறைய 80 கிலோமீட்டர். விடியும்போது அங்கே நிற்க வேண்டுமென்றால் நாலு மணிக்கே கிளம்ப வேண்டும். வீடு திரும்ப மதியமாகிவிடும். வாரம் முழுக்க உழைத்த உடம்புக்கு மிச்சமிருக்கும் ஒரே நாள் அது. கடை கண்ணி, துணிமணி, பிள்ளைகள், சொந்தபந்தம் எல்லாம் அந்த நாளைத்தான் எதிர்பார்த்திருக்கும். இரண்டு வாரம் தவறினால் மூன்றாவது வாரம் தானாகவே தவறும். வேடந்தாங்கலுக்குப் போங்கள், நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள் ஒன்றிரண்டு தடவை. ஆனால் அதைத் திருவிழாவாக வைத்துக்கொள்ளுங்கள். அன்றாடச் சாப்பாடு வேறு இடத்தில் இருக்கிறது.

வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் ஒரே ஓர் இடம், காலையில் 15 நிமிடம், வாரத்தில் மூன்று நான்கு நாள். இவ்வளவு போதும். பெரிய மரம், தண்ணீர், புதர் என்ற மூன்றில் இரண்டு இருக்கும் இடமாகப் பாருங்கள். ஏரிக்கரை, ரயில்வே காலனி, பழைய பள்ளி மைதானத்தின் ஓரம் என எதுவும் சரிதான். எதுவுமே இல்லையென்றால் மொட்டை மாடி. அடிக்கடி இடத்தை மாற்றக் கூடாது. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தால்தான் அக்டோபரில் பழுப்புக் கீச்சான் வந்து சேர்வதும், மார்ச்சில் குயில் குரல் கூடுவதும், கோடை நெருங்கும்போது வலசைப் பறவைகள் கிளம்பிப் போவதும் கண்ணில் படும்.

அலாரத்தை வருடம் முழுக்க ஒரே நேரத்தில் வைக்காதீர்கள். சென்னையில் மே கடைசியில் சூரியன் 5.40 வாக்கில் எழும், ஜனவரி கடைசியில் 6.35 ஆகிவிடும். உதயத்துக்குப் பிந்தைய முதல் ஒரு மணி நேரம்தான் நடமாட்டமும் குரலும் அதிகம். கோடையில் ஏழரைக்குப் போய் நின்றால் பெரும்பாலும் காகமும் புறாவும்தான் மிஞ்சும்.

15 நிமிடத்தில் என்ன செய்வது? இடத்துக்குப் போனதும் கைப்பேசியில், பறவை பார்ப்பவர்களின் பதிவுகளைச் சேர்த்து வைக்கும் இபேர்ட் செயலியைத் திறந்து பட்டியலைத் தொடங்குங்கள். நேரத்தை அதுவே குறித்துக்கொள்ளும். ஒரே இடத்தில் சுமார் 30 மீட்டர் வட்டத்துக்குள் நின்றால் அது 'நிலையான' வகை, நடந்துகொண்டே பார்த்தால் 'பயணம்'. இனி கண்ணுக்கும் காதுக்கும் பட்டதையெல்லாம் எண்ணிக்கையோடு போடுங்கள். மைனா கூட்டமாக இருந்தால் தோராயமாக 20 என்று போடலாம். எண்ணாமல், இருந்தது என்று மட்டும் சொல்லும் எக்ஸ் குறியைவிட அது எவ்வளவோ மேல்.

கடைசியில், அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளும் பட்டியலில் உண்டா என்று செயலி கேட்கும். புதியவர்கள் இடறும் இடம் இதுதான். அழகான நான்கு பறவைகளை மட்டும் போட்டுவிட்டு 'ஆம்' என்று அழுத்தினால், அன்றைக்கு அங்கே காகமே இல்லை என்று பதிவாகும். ஓர் இனம் குறைகிறதா என்று கணக்கிடுபவர்களுக்கு, இல்லாததும் ஒரு தகவல். 2023-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 942 இனங்களைப் பற்றிப் பேசியது. சுமார் 30,000 ஆர்வலர்கள் கொடுத்த மூன்று கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள்தான் அதற்கு அடிப்படை. ஆபீஸ் போகும் முன் நின்று காகம் எண்ணியவர்களின் உழைப்பும் அதில் இருக்கிறது.

பட்டியலை அங்கேயே அனுப்பிவிட்டுத் திரும்புங்கள். சாயந்திரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் எண்ணிக்கை மறந்துபோகும். அதைவிட மோசம், அனுப்பாத பட்டியல்கள் சேரச் சேர இந்த விஷயமே கடன் பாக்கி மாதிரி உறுத்தத் தொடங்குவது.

வேலை நாட்களில் கேமராவை வீட்டிலேயே விட்டுவிடுங்கள் என்பேன். 15 நிமிடத்தில் 200 படம் எடுத்துவிடலாம், ஆனால் அதில் பத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு ராத்திரி போய்விடும். பைனாகுலர் 8×42, அதாவது எட்டு மடங்கு பெரிதாகக் காட்டுவது, இருந்தால் போதும். 10 மடங்கு வாங்கினால் கை நடுக்கமும் கூடுதலாகத் தெரியும், காட்சிப் பரப்பும் சுருங்கும், புதருக்குள் தாவும் தையல்சிட்டைப் பிடிக்கவே முடியாது. பெயர் தெரியாத பறவையென்றால் நான்கு விஷயம் குறித்துக்கொள்ளுங்கள்: சிட்டுக்குருவி, மைனா, காகம் இவற்றில் எந்த அளவுக்கு நெருக்கம், அலகின் வடிவம், வால், என்ன செய்துகொண்டிருந்தது. நிறம் வெயிலுக்கு ஏற்ப ஏமாற்றும்.

மெர்லின் செயலி குரலைக் கேட்டுப் பெயர் சொல்வது பெரிய உதவி. ஆனால் அது சொன்னதையெல்லாம் அப்படியே பட்டியலில் ஏற்றாதீர்கள். இரட்டைவால் குருவி என்கிற கரிச்சான், வைரி என்ற சிறிய வேட்டைப் பறவையின் குரலை அச்சு அசலாகக் கத்தும். செயலி வைரி என்று காட்டினால் மேலே பாருங்கள். கண்ணால் உறுதியானால் மட்டும் சேருங்கள்.

காலை ஷிப்ட்காரர்கள் மனம் தளர வேண்டாம். சூரியன் மறைவதற்கு 20 நிமிடம் முன்னால் பேருந்து நிலையத்துப் பெரிய மரத்தடியில் நின்றால், அடைய வரும் மைனாக்களையும் கிளிகளையும் எண்ணலாம். இருட்டத் தொடங்கியதும் வக்கா என்கிற இராக்கொக்கு தலைக்கு மேல் 'க்வாக்' என்று கத்திக்கொண்டு இரை தேடக் கிளம்பும். அக்டோபரில் தோட்டமோ புதரோ பக்கத்தில் இருந்தால் ஆறுமணிக்குருவியின் இரட்டை விசிலுக்குக் காது கொடுங்கள். விடியலிலும் அந்தியிலும் கூப்பிடும் பறவை அது, இரண்டு ஷிப்ட்காரர்களுக்கும் பொது.

ஆடிட், டெட்லைன் என்று வேலை கழுத்தை நெரிக்கும் மாதத்தில் 15 நிமிடத்தை ஐந்தாகக் குறையுங்கள், பால்கனியிலிருந்தே போடுங்கள். இபேர்ட் அதையும் ஏற்கும். ஆனால் பொங்கல் விடுமுறையில் 2015 முதல் நடந்துவரும் பறவைக் கணக்கெடுப்புக்கு ஒரு பட்டியலுக்குக் குறைந்தது 15 நிமிடம் வேண்டும். அந்த நான்கு நாட்களுக்கு மட்டும் இப்போதே வீட்டில் சொல்லி நேரம் வாங்கி வையுங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போனால் எண்ணுவதற்கு இரண்டு கண் கூடுதலாகக் கிடைக்கும்.