லோடு கணக்கும் குழிக் கணக்கும்

எங்கப்பா ரோட்டோரப் புளிய மரங்களை ஏலம் எடுத்தவர். நெடுஞ்சாலைத் துறை மரத்துக்கு வெள்ளையடித்து, அதன் மேல் தாரால் நம்பர் போட்டிருக்கும். அந்த நம்பர்தான் அப்பாவுக்கு மரத்தின் பெயர். "நாப்பத்தொண்ணு போன வருசம் சடசடன்னு காய்ச்சது, இந்த வருசம் ஓஞ்சு நிக்கி. அம்பத்தாறுதான் நம்மள காப்பாத்தணும்" என்பார் ஆச்சியிடம். மாசி, பங்குனியில் உலுக்கு நடக்கும். மேலே ஆள் நின்று கிளையை உலுக்க, லாரி ஏறி நசுக்குவதற்குள் கீழே விழுந்ததைப் பொறுக்கிச் சாக்கில் போடுவது எனக்கும் தங்கச்சிக்கும் வேலை. டயர் ஏறிய புளியின் வாசம் இன்னும் மூக்கில் இருக்கிறது.

சாலை அகலமாக்க வந்தபோது அதே மரங்களில் இன்னொரு நம்பர் விழுந்தது. இந்தத் தடவை சிவப்பு. ஒரே மரத்தில் ஏல நம்பரும் வெட்டு நம்பரும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ரோடு வேண்டாம் என்று எழுத வரவில்லை. அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்த ராத்திரி திருநெல்வேலி ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு எத்தனை நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தோம் என்பது எனக்குத் தெரியும். பழைய ரோடாக இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் தெரியும். என் சண்டை ரோட்டோடு இல்லை. வெட்டிய பிறகு சொல்கிறார்களே, "ஒண்ணுக்குப் பத்து நட்டிருவோம்" என்று, அந்தக் கணக்கோடுதான்.

போன பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மருமகனைக் கூட்டிக்கொண்டு, நட்ட கன்றுகளை எண்ணப் போனேன். தங்கச்சி மகன், பாளையங்கோட்டையில் தாவரவியல் படிக்கிறான். முழுச் சாலையும் இல்லை, ஒரே பக்கத்தில் வரிசையாக நூறு குழி. நாற்பது பக்க நோட்டு ஒன்று, பேனா ஒன்று. உயிரோடு இருந்தது 38. மிச்சத்தில் சிலதில் காய்ந்த குச்சி, சிலதில் குப்பை. சில கூண்டுக்குள் சீமைக்கருவை தழைத்துக் கம்பிக்கு வெளியே கை நீட்டிக்கொண்டு நின்றது. "மாமா, இதையும் சேத்துக்கிட்டா அம்பதத் தாண்டும்" என்றான் மருமகன். எங்காவது ஒரு பைலில் சேர்த்தும் இருப்பார்கள், யார் கண்டது.

எண்ணிக்கொண்டிருக்கும்போதே தண்ணி டேங்கர் வந்தது. வண்டி நகர நகர ஓஸ் பைப்பைப் பிடித்தபடி ஒரு பையன் ஊற்றிக்கொண்டே வந்தான். செத்த குச்சிக்கும் அதே தண்ணி, சீமைக்கருவைக்கும் அதே தண்ணி. டிரைவரிடம் கேட்டேன். "அண்ணாச்சி, நாங்க எழுதுதது லோடு கணக்கு. ஒரு நாளைக்கு இத்தன லோடு. எத்தன குழியில கன்னு உசுரோட நிக்குன்னு எங்ககிட்ட யாரும் கேட்டதே இல்ல" என்றார். அவர் மேல் தப்பே இல்லை. நானாவது ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோகாமல் எண்ணினேன். சம்பளம் வாங்கிக்கொண்டு எண்ண வேண்டியவர் யார் என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

சரி, பத்தும் பிழைத்ததாகவே வைத்துக்கொள்வோம். நாப்பத்தொண்ணாம் நம்பர் மரத்தின் நிழல் உச்சி வெயிலில் 15 மீட்டர் அகலத்துக்கு விழும். நட்டிருக்கும் கன்றுக்கு அரை மீட்டர். அகலத்தில் 30 மடங்கு என்றால் பரப்பில் 900 மடங்கு. வெட்டிய அன்றைக்கே அந்த நிழலைத் திருப்பித் தர ஒரு மரத்துக்குத் தொள்ளாயிரம் கன்று வேண்டும். பத்து கன்று என்பது இன்றைய கடனுக்கு முப்பது வருஷம் தள்ளி தேதி போட்ட செக். அதுவும் செக் பவுன்ஸ் ஆகாமல் இருந்தால்.

நடுகிற நாளைப் பாருங்கள். ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் தினம். போட்டோ, பேனர், தொப்பி. வைகாசிக் கடைசியில் தென்காசிப் பக்கம் சாரல் எட்டிப் பார்க்கலாம். திருநெல்வேலிக்குக் கிழக்கே அந்த மாதங்களில் வருவது காற்று மட்டும்தான். ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும் என்பார்கள், சின்னக் கன்று என்ன செய்யும்? நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில். புரட்டாசிக் கடைசியில் குழியெடுத்து முதல் மழைக்கு நட்டால் பாதி டேங்கர் செலவு மிச்சம். இது எந்தச் சம்சாரியை, அதாவது விவசாயியைக் கேட்டாலும் சொல்லுவார்.

இவ்வளவும் எண்ணிய மரத்தைப் பற்றி. எண்ணாத கணக்கு ஒன்று இருக்கிறது, எனக்கு அதுதான் பெரிது.

சிவப்பு நம்பர் விழுந்தது பெரிய மரங்களுக்கு மட்டும். மரத்துக்கும் வயலுக்கும் நடுவில் கிடந்த பத்துப் பதினைந்தடிப் புறம்போக்கு எந்தப் பட்டியலிலும் வரவில்லை. அதில் என்ன இருந்தது? ஆவாரை, சங்கஞ்செடி, காரை, சூரை, இலந்தை, வேலியில் ஏறிய பிரண்டை, முடக்கத்தான், தூதுவளை. இடையிடையே உடை மரம், குடை விரித்தாற்போல் தட்டையாக. எங்கள் ஊர் ஆட்டுக்காரத் தாத்தா கோடையில் அந்த உடையை நம்பித்தான் மந்தையை ஓட்டி வருவார். நீளக் கம்பில் கொக்கி மாட்டி ஒரு கிளையை இழுத்து ஒரு குலுக்கு. நெத்து மழைபோல் கொட்டும், ஆடுகள் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு ஓடிவரும். புல் பொசுங்கிப்போன மாதத்தில் ஆட்டுக்கு அதுதான் தீவனம். ஜேசிபி அந்த மொத்தப் பட்டையையும் அரை நாளில் வழித்தது. அதற்கு ஒண்ணுக்குப் பத்தும் கிடையாது, ஒண்ணுக்கு ஒண்ணும் கிடையாது. "புதர் அகற்றம்" என்று ஒரு வரி, அவ்வளவுதான்.

வடலிகளும், அதாவது இளம் பனைகளும், அப்படியே போயின. பனை நம் மாநில மரம். கலெக்டர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக்கூடாது என்று 2021-ல் வேளாண் பட்ஜெட்டிலேயே அறிவித்தார்கள். ஆனால் இடுப்பளவு வடலியை மரம் என்று யார் எழுதுவது? அது பதனீர் தர இன்னும் பத்துப் பதினைந்து வருஷம் ஆகும். அந்த வருஷங்களும் ஜேசிபி பக்கெட்டில்தான் போயின.

அந்த இடத்தில் இப்போது என்ன வைத்திருக்கிறார்கள்? சாலை நடுவில் அரளியும் காகிதப்பூவும். ஓரத்தில் புங்கன், வேம்பு. இவற்றையாவது குறை சொல்ல முடியாது. மற்றபடி நர்சரியில் எது மலிவோ அது. நாட்டு மரம் என்று நான் ரொம்பப் பொங்கினால் மருமகன் சிரிப்பான். "மாமா, தாத்தா ஏலம் எடுத்த புளியே ஆப்பிரிக்காவுல இருந்து வந்ததுதான்." வாஸ்தவம். ஆனால் வந்து எத்தனையோ நூற்றாண்டு ஆகிவிட்டது, நம் ரசத்துக்குள் புகுந்துவிட்டது. அதற்கு ரேஷன் கார்டு கொடுத்துவிடலாம் என்பது என் கட்சி.

பணம் இல்லை என்று சொல்ல முடியாது. மத்திய அரசின் 2015 பசுமை நெடுஞ்சாலைக் கொள்கை, திட்டச் செலவில் 1 சதவீதத்தை மரம் நடுவதற்கும் பராமரிப்புக்கும் ஒதுக்கச் சொல்கிறது. மரத்தின் மதிப்புத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. மேற்கு வங்கத்தில் ரயில் மேம்பாலங்களுக்காக 356 மரங்களை வெட்டும் வழக்கில் உச்ச நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழு, மரத்தின் வயதை 74,500 ரூபாயால் பெருக்கச் சொன்னது. நூறு வயது மரம் என்றால் 74 லட்சத்து 50 ஆயிரம். நம் சாலையோர மரம் விறகுக் கணக்கில் ஏலம் போன தொகையை நான் இங்கே எழுதவில்லை. அப்பா இருந்து கேட்டிருந்தால் சிரித்திருப்பார், இல்லை அழுதிருப்பார்.

வெளிநாட்டிலும் இதே தலைவலிதான். தெற்கு ஆஸ்திரேலியாவில் 1991-ம் வருஷச் சட்டப்படி, ரோட்டுக்காக அந்த மண்ணுக்கே உரிய தாவரங்களை அழித்தால், இழந்ததைவிட அதிகமான பலனைச் செய்து காட்ட வேண்டும், இல்லாவிட்டால் அதற்கான நிதியில் பணம் கட்ட வேண்டும். முக்கியமான விஷயம், அங்கே மரத்தோடு புதரும் புல்லும் கணக்கில் வரும். நம் சங்கஞ்செடிக்கு அங்கே மரியாதை உண்டு. ஆனால் பணம் கட்டிவிட்டால் கடமை தீர்ந்தது என்கிற ஓட்டை அங்கேயும் இருக்கிறது. பக்கத்து நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் ஈடுசெய்யும் திட்டத்தை அவர்களுடைய தணிக்கைத் தலைவரே 2022-ல் கடுமையாகக் குறை சொன்னார். ஆகவே சட்டத்தை அப்படியே இறக்குமதி செய்யச் சொல்ல மாட்டேன்.

நான் கேட்பது சின்ன மாற்றம். நட்ட அன்று பில் பாஸ் ஆகக் கூடாது. ஒரு பங்கு நடும்போது, பெரும் பங்கு ஐந்தாம் வருஷம் உயிரோடு நிற்கிற மரத்தை எண்ணிய பிறகு. எண்ணுவது ஒப்பந்ததாரரின் ஆள் அல்ல, அந்தந்த ஊர்க்காரர்கள். குழிக்கு நம்பர் போடுங்கள், புளிய மரத்துக்குப் போட்டீர்களே, அதே தாரால். வேலை தொடங்குமுன் மரத்தோடு சேர்த்துப் புதர்ப் பட்டையையும் நீளம் அகலம் அளந்து எழுதுங்கள். அதே சாலையோரத்தில் அதே அளவு இடத்தை வேலி போட்டு விடுங்கள், சீமைக்கருவையை மட்டும் பிடுங்கிப்போட்டு. உடையும் ஆவாரையும் தானாக வரும், யாரும் நட வேண்டாம். அதற்குப் பக்கத்தில் பனங்கொட்டை ஊன்ற ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போதும்.

மாவட்டத்துக்கு மாவட்டம் கலெக்டர் தலைமையில் பசுமைக் குழு இருக்கிறது. வெட்ட அனுமதி கொடுக்கிற அதே குழு, ஐந்தாம் வருஷக் கணக்கையும் கேட்டு வாங்கலாமே. இதைத்தான் இரண்டு பக்க மனுவாக எழுதி, திங்கட்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தேன். ரசீது தந்தார்கள்.

நோட்டு பைக் பெட்டியிலேயே இருக்கிறது. கார்த்திகை மழை ஓய்ந்ததும் அதே நூறு குழியை மறுபடி எண்ணப்போகிறோம், மருமகன் வருகிறேன் என்றிருக்கிறான். இன்னும் இரண்டு பைக் சேர்ந்தால் எதிர்ப்பக்கத்தையும் அதே நாளில் முடித்துவிடலாம். வருகிறவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். காலை ஆறு மணிக்குக் கிளம்பணும், வெயில் ஏறினால் ஒதுங்க மரம் கிடையாது.